மணலும் கண்ணாடித் திரையும்: அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் தீட்டிய கருவித் திட்டங்களின் கதை

அரசு அலுவலகங்களில் பிறக்கும் எழுத்துவகைகளுள் இலக்கிய வாசகர்கள் தொடத் தயங்குவது திட்ட அறிக்கை. அதில் வினைச்சொற்கள் யாவும் எதிர்காலத்தில் இருக்கும். பெரும்பாலானவை செயப்பாட்டு வினைகளாகவும் இருக்கும். வழங்கப்படும், நிறுவப்படும், மேம்படுத்தப்படும், உறுதிசெய்யப்படும். யார் வழங்குவார், யார் மேம்படுத்துவார் என்று தேடிப்போனால் எழுவாய் அகப்படாது. ஆயினும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளைக் குறித்து என்ன கனவு கண்டது, யாரை நம்பியது, யாரை நம்பவில்லை என்பதை அறிய இத்தகைய அறிக்கைகள் நல்ல சான்றுகள். வகுப்பறைக் கருவிகளுக்காக அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் தீட்டிய திட்டங்களை அந்த நோக்கில் இங்கே பார்க்கலாம். இருநூறு ஆண்டுகள் நீளும் அந்த வரலாற்றின் முதல் இழை சென்னையிலிருந்து புறப்படுகிறது என்பது நமக்குக் கூடுதல் சுவை.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு அது. பெரும்பாலான மாவட்டங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் உண்டு; வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் உண்டு; சொத்துவரியில் பங்கும், வாக்காளர்களின் ஒப்புதலோடு கடன்பத்திரம் வெளியிடும் உரிமையும் உண்டு. ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இவ்வாறு இயங்குகின்றன. எந்தக் கருவியை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எந்தப் பணத்தில் வாங்குவது ஆகிய முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் எடுக்கப்படுகின்றன. ஆகவே நம் கதையின் களமும் இதுவே.

எழும்பூர் மணல்

1789இல் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் கும்பினிப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை அவர் கண்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த வழக்கம் அது. தாளும் மையும் விலை மிகுந்த காலத்தில் காசு செலவில்லாத எழுதுபலகை. கையால் தடவிவிட்டால் மறுபடியும் புதியது. பெல் அதைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. அவர் சலிக்காமல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, அவனைவிடச் சிறியவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். நம் சட்டாம்பிள்ளை முறை ஆங்கிலப் பெயர் பூண்டுகொண்ட தருணம் அதுதான். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை அதை 'மதராஸ் முறை' ஆக்கிற்று.

அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏறத்தாழ இதே முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று இருவரின் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் சண்டையிட்டனர். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டியதில்லை. லங்காஸ்டரின் முறை கடல் கடந்தது என்பதே நமக்கு முக்கியம். 1806இல் நியூயார்க் நகரின் இலவசப் பள்ளிச் சங்கம் அந்த முறையில் பள்ளி திறந்தது. 1818இல் பென்சில்வேனியச் சட்டம் ஒன்று ஃபிலடெல்ஃபியாவை அம்மாநிலத்தின் 'முதல் பள்ளி மாவட்டம்' என்று அமைத்தபோது, அங்கே லங்காஸ்டர் முறையே பின்பற்றப்பட வேண்டும் என்று விதித்தது. முன்வரிசையில் சின்னப் பிள்ளைகளுக்கு மணல் மேசை, பின்வரிசைகளில் கற்பலகை, நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே ஆசிரியர், இடையில் சட்டாம்பிள்ளைகளின் படை.

இந்த முறையின் பெரும் ஆதரவாளராக விளங்கிய நியூயார்க் தலைவர் டிவிட் கிளின்டன், உற்பத்தித் தொழிலில் ஆள்வேலையைக் குறைக்கும் எந்திரத்தோடு அதை ஒப்பிட்டுப் புகழ்ந்தார். இந்த ஒப்புமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எழும்பூரின் மணல் பிள்ளையின் விரலுக்கு இசைந்த எளிய கருவி. அதைச் சுற்றி எழுந்த திட்டமோ ஆசிரியரின் தேவையைக் குறைப்பதற்கான ஏற்பாடு. கருவியும் அந்த ஆசையும் ஒரே பொட்டலத்தில் அமெரிக்கா சென்றன. சில பத்தாண்டுகளில் அந்த ஏற்பாடு மங்கிப்போயிற்று. சட்டாம்பிள்ளைகளால் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. புரியாத பிள்ளைக்குப் புரியவைக்க முடியவில்லை. 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனில் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. ஆள்குறைக்கும் ஆசை மட்டும் அழியாமல் அடுத்த கருவிக்காகக் காத்திருந்தது.

எட்டு வடிவில் பறந்த ஆசிரியர்

அடுத்த கருவி திரைப்படம். 1910இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் பள்ளிகள் பாடத்துக்குப் படங்களைப் பயன்படுத்த முன்வந்தன. 1913இல் தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துபோகும், பத்தாண்டுகளில் பள்ளிமுறையே தலைகீழாக மாறிவிடும் என்று ஆரூடம் சொன்னார். படச்சுருளும் படமெறி கருவியும் விற்ற வணிகர் அவர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பத்தாண்டுகள் கடந்தன. படச்சுருள் விலை மிகுதி, படமெறி கருவி வேறொரு பள்ளியில் இருந்தது, வந்தபோது பழுது, பழுது நீங்கியபோது பாடம் முடிந்திருந்தது. மாவட்டங்களின் தேய்மானக் கணக்கில் படமெறி கருவிகள் இருந்தன. வகுப்புகளில் அவை அபூர்வம்.

பின்னர் வானொலி வந்தது. 1938இல் கிளீவ்லாந்து நகரின் கல்வி வாரியம் தனக்கென்றே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. அதன்பின் தொலைக்காட்சி. 1956இல் மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகரை மையமாகக் கொண்ட வாஷிங்டன் கவுண்டி மாவட்டம், கம்பிவழித் தொலைக்காட்சியால் தன் பள்ளிகளை இணைக்கத் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையின் பணம் அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த அறக்கட்டளையின் பணத்தில் நடந்த மற்றொரு முயற்சியை இன்று படிக்கும்போது புனைகதை என்றே தோன்றும். 1961 முதல் இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழக விமான நிலையத்திலிருந்து டிசி-6 வகை விமானம் ஒன்று புறப்படும். மான்ட்பீலியர் என்ற சிற்றூருக்கு மேலே 23,000 அடி உயரத்தில் எட்டு வடிவில் சுற்றிக்கொண்டே இருக்கும். விமானத்தின் வயிற்றிலிருந்து அலைவாங்கி ஒன்று கீழே தொங்கும். உள்ளே சுழலும் ஒளிநாடாவிலிருந்து ஆறு மாநிலப் பள்ளிகளுக்குப் பாடங்கள் பொழியும். நிலத்தில் கோபுரங்கள் கட்டுவதைவிட வானத்தில் ஓர் ஆசிரியரை நிறுத்துவது மலிவு என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு வகுப்பு பின்னப் பெருக்கலில் தடுமாறி நின்றால் விமானம் அதற்காகக் காத்திருக்காது. பத்து மணிப் பாடம் பத்து மணிக்கே வந்துபோகும். ஒரு மாவட்டத்தின் கால அட்டவணையையும் ஆறு மாநிலங்களின் கால அட்டவணையையும் ஒரே விமானத்தின் பறப்பு நேரத்தோடு பொருத்துவது யாராலும் இயலாத காரியமாயிற்று. உள்ளூர்க் கல்வித் தொலைக்காட்சி நிலையங்கள் பெருகப் பெருக அதன் தேவையும் குறைந்தது. 1968இல் விமானங்கள் தரையிறங்கின.

லாரி கியூபன் இந்த வரலாற்றைத் தொகுத்து 1986இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் மாவட்டத்தில் கண்காணிப்பாளராக ஏழாண்டுகள் பணியாற்றியவர். பிறகே ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர். வகுப்பின் உள்ளும் அலுவலகத்தின் உள்ளும் இருந்து பார்த்த இரட்டைக் கண் அவருக்கு வாய்த்திருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரே சுழற்சி இருப்பதை அவர் காட்டினார். முதலில் பெரும் வாக்குறுதி. அடுத்து அதை மெய்ப்பிக்கும் ஆய்வுகள். பிறகு பயன்பாடு குறைவு என்ற ஏமாற்றம். முடிவில் ஆசிரியர்மீது பழி. கரும்பலகையும் பாடநூலும் ஏன் நிலைத்தன என்பதற்கும் அவரிடம் விடை உண்டு. அவை எளியவை, எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவை, முப்பது பிள்ளைகள் நிறைந்த அறையில் ஆசிரியர் நினைத்த கணத்தில் தொடங்கவும் நிறுத்தவும் கூடியவை. ஆசிரியர்கள் பழமைவாதிகள் என்று சொல்வது எளிது. தம் வேலைக்கு உதவுவதை எடுத்துக்கொண்டு உதவாததை ஒதுக்கினார்கள் என்பதே வரலாறு நமக்குச் சொல்வது.

திட்டம் ஒரு படிவமாகிறது

1990களில் கணினியும் இணையமும் வந்தபோது, 'தொழில்நுட்பத் திட்டம்' என்ற ஆவணம் ஒரு தனி எழுத்துவகையாகவே உருவெடுத்தது. காரணம் பணம். 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணைப்புக் கட்டணத்தில் சலுகை தர வழிசெய்தது. 'ஈ-ரேட்' எனப்பட்ட அத்திட்டத்துக்கு ஆண்டுக்கு 225 கோடி டாலர் உச்சவரம்பு. வறிய மாணவர்கள் மிகுந்த மாவட்டத்துக்கு 90 விழுக்காடு வரை தள்ளுபடி. வசதியான மாவட்டத்துக்கு 20 விழுக்காடு. ஏழைக்கு அதிகம் என்ற அந்த அளவுகோல் அமெரிக்கக் கல்விச் சட்டங்களுள் போற்றத்தக்க ஒன்று. விளைவும் கண்கூடு. 1994இல் அரசுப் பள்ளிகளின் கற்பிக்கும் அறைகளில் 3 விழுக்காட்டில் மட்டுமே இருந்த இணைய இணைப்பு, 2005இல் 94 விழுக்காட்டை எட்டியது.

சலுகை பெற மாவட்டங்கள் ஒரு திட்டம் எழுதி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து உறுப்புகள் உண்டு: இலக்குகள், ஆசிரியர் பயிற்சி, தேவைகளின் மதிப்பீடு, வரவு செலவு, பயன் மதிப்பீடு. நல்ல இலக்கணம்தான். ஆசிரியர் பயிற்சி இரண்டாவது இடத்தில் இருப்பதைக் கவனிக்கலாம். ஆனால் ஈ-ரேட் பணத்தைக் கம்பிக்கும் இணைப்புக்கும் செலவிடலாமே தவிரப் பயிற்சிக்குச் செலவிட முடியாது. எழுத வேண்டியது ஐந்து, பணம் வருவது ஒன்றுக்கு என்றால், மற்ற நான்கும் எழுத்திலேயே நின்றுவிடுவது இயல்பு. 2002இல் கையெழுத்தான வேறொரு கூட்டரசுச் சட்டம் தொழில்நுட்ப நிதியில் குறைந்தது கால் பங்கையாவது பயிற்சிக்கு ஒதுக்கச் சொன்னது. 2011இல் அந்த நிதியே நிறுத்தப்பட்டது. 2014இல் ஈ-ரேட் விதிகள் திருத்தப்பட்டபோது திட்டம் எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. படிவம் நிரப்பும் சுமை குறைந்ததில் அலுவலர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் ஒரு மாவட்டம் கருவி வாங்குமுன் தன் ஆசிரியர்களை எண்ணிப்பார்க்க வேண்டும் என்று சொன்ன கடைசி ஏட்டு விதிகளுள் ஒன்றும் அத்தோடு போயிற்று.

லாஸ் ஏஞ்சலஸ், 2013

அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலஸில் அப்போது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தனர். பெரும்பாலோர் லத்தீனோ குடும்பங்களின் ஏழைப் பிள்ளைகள். கண்காணிப்பாளர் ஜான் டீஸி, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐபேட் என்னும் திட்டத்தைக் குடிமை உரிமைப் பிரச்சினையாகவே முன்வைத்தார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இருப்பது இந்தப் பிள்ளைக்கும் வேண்டும் என்றார். இதைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது. அது நியாயமானதாக இருந்ததால்தான் பின்னர் நடந்தது வலிக்கிறது.

2013 ஜூனில் கல்வி வாரியம் ஆப்பிள் நிறுவனத்துடன் 3 கோடி டாலர் முதல்கட்ட ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. முழுத் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 100 கோடி டாலர். அதில் பாதி கருவிகளுக்கு, பாதி பள்ளிகளில் கம்பியில்லா இணைப்புக்கு. ஒரு கருவியின் விலை 678 டாலர். பியர்சன் நிறுவனத்தின் பாடத்திட்ட மென்பொருளும் அந்த விலையில் அடக்கம். அந்த மென்பொருளோ இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. மாவட்டம் மாதிரிப் பாடங்களைப் பார்த்தே வாங்கியது.

பணம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. பள்ளிக் கட்டடங்களைக் கட்டவும் பழுதுபார்க்கவும் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன்பத்திரப் பணம் அது. கடனை அடைக்க இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். கருவியின் ஆயுள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். இன்று ஐபேட் பெறும் சிறுமி வளர்ந்து, வீடு வாங்கிச் சொத்துவரி கட்டும்போதும், தான் பள்ளியில் வைத்திருந்து என்றோ குப்பைக்குப் போய்விட்ட கருவிக்கான வட்டி அந்த வரியில் இருக்கும். கடன்பத்திரச் செலவைக் கண்காணிக்கும் குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் இதைக் குறித்து விடாமல் கேள்வி எழுப்பினார். 2014 மே மாதத்தில் வாரியம் அவருக்கு மறுநியமனம் மறுத்தது. கண்டனம் எழுந்ததும் அடுத்த மாதமே அவரைத் திரும்ப ஏற்றது.

கருவிகள் 47 பள்ளிகளில் வழங்கத் தொடங்கிய சில வாரங்களில், 2013 செப்டம்பரில், பாயில் ஹைட்ஸ் பகுதியின் ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி உள்ளிட்ட மூன்று பள்ளிகளில் ஏறத்தாழ 300 மாணவர்கள் கருவியின் பாதுகாப்புப் பூட்டை நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. நாளிதழ்கள் அவர்களைக் 'கணினிக் கொந்தர்கள்' என்று எழுதின. அவர்கள் செய்தது, அமைப்புகளுக்குள் சென்று மாவட்டத்தின் பயனர் விவரக் கோப்பை அழித்தது மட்டுமே. பாட்டுக் கேட்கவும் நண்பர்களோடு பேசவும் அவர்கள் விரும்பினார்கள். 100 கோடி டாலர் திட்டத்தை வரைந்தவர்களுக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பூட்டைக் கண்டால் என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை போலும். அப்பள்ளிகளில் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. தொலைந்தால் யார் பொறுப்பு, பெற்றோரா பள்ளியா என்பதும் தெளிவாயில்லை. மாநிலத்தின் புதிய கணினித் தேர்வுகளுக்கு விசைப்பலகை வேண்டும் என்பது பிறகே கணக்கில் சேர்ந்தது.

2014இல் ஓர் ஆய்வு நிறுவனம் மாவட்டத்துக்காகச் செய்த மதிப்பீட்டில், பார்வையிட்ட 245 வகுப்பறைகளில் ஒரே ஒரு வகுப்பில் மட்டுமே பியர்சன் பாடத்திட்டம் பயன்பாட்டில் இருந்தது தெரிந்தது. இந்த ஒற்றை எண்ணிலேயே முழுக் கதையும் அடங்கிவிடுகிறது. எஞ்சிய 244 வகுப்புகளின் ஆசிரியர்களும் சோம்பேறிகள் என்று நம்ப முடியுமா? முடிவடையாத ஒரு பாடத்திட்டத்தை, குறுகிய பயிற்சியோடு, நடுவில் அறுந்துபோகும் இணைப்பில் நடத்துமாறு கேட்டால், தேர்ந்த ஆசிரியர் தம் பழைய பாடக்குறிப்பை எடுத்துக்கொள்வார். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் ஒரு நாள் வீணாகக் கூடாது என்ற பொறுப்பே அவரை அப்படிச் செய்யவைக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே மாவட்டத்தின் உயரதிகாரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே நடந்த மின்னஞ்சல் உரையாடல்கள் வெளியாயின. முறைகேடு எதுவும் இல்லை என்று டீஸி மறுத்தார்; ஆயினும் ஒப்பந்தத்தை நிறுத்தினார். அக்டோபரில் பதவி விலகினார். டிசம்பரில் எஃப்.பி.ஐ. அலுவலர்கள் 20 பெட்டி ஆவணங்களை எடுத்துச் சென்றார்கள். 2017இல் எவர்மீதும் குற்றச்சாட்டு இன்றி அந்த விசாரணை முடிந்தது. பாடத்திட்ட மென்பொருள் தொடர்பாக 2015இல் ஏறத்தாழ 64 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. சட்டத்தின் கண்ணில் கதை அங்கே முடிந்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பெருந்தோல்விக்குப் பிறகு அடுத்த முறை ஏழைப் பள்ளிக்காக ஒருவர் பணம் கேட்கும்போது, 'ஐபேட் கதை தெரியாதா?' என்ற எதிர்க்கேள்வி தயாராக இருக்கும். தவறான திட்டம் தன் பணத்தை மட்டும் விழுங்குவதில்லை. தனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நியாயமான கோரிக்கைகளையும் சேர்த்தே விழுங்குகிறது.

இரண்டு மடிக்கணினிக் கதைகள்

இது அமெரிக்காவின் தலைவிதி அன்று என்பதற்கு மெய்ன் மாநிலம் சான்று. கிராமங்கள் நிறைந்த, செல்வம் குறைந்த மாநிலம் அது. அதன் ஆளுநர் ஆங்கஸ் கிங், எதிர்பாராமல் கிடைத்த உபரி நிதியைக் கொண்டு ஏழாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி தர முன்வந்தார். தொடக்கத்தில் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஒன்பது பள்ளிகளில் முன்னோட்டம் நடத்திய பிறகே, 2002 இலையுதிர்காலத்தில் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது. பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் மற்றவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். குழந்தைகளுக்கான லோகோ கணினிமொழியைப் படைத்தவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், மெய்னில் வாழ்ந்தபடி இத்திட்டத்துக்குத் துணைநின்றார். எட்டாம் வகுப்பு மாணவர்களின் எழுத்துத்திறன் உயர்ந்திருப்பதாக 2007இல் ஓர் ஆய்வு கூறியது. மற்றப் பாடங்களின் மதிப்பெண்ணில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் திட்டம் ஆட்சிமாற்றங்களைக் கடந்து நிலைத்தது. அதிசயம் நிகழ்த்தாமல் நிலைத்திருப்பதும் ஒரு வெற்றியே.

வர்ஜீனியாவின் ஹென்ரைக்கோ கவுண்டி மாவட்டம் இன்னும் முன்னதாகவே, 2001இல், ஐபுக் மடிக்கணினிகளை மாணவர்களுக்கு வழங்கியது. நாலாண்டு கழித்து, பழைய கருவிகளில் 1,000ஐத் தலா 50 டாலருக்கு விற்பதாக அறிவித்தது. 2005 ஆகஸ்ட் 16 அன்று ரிச்மண்டின் கார்ப் பந்தயத் திடலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கதவு திறந்ததும் நெரிசல், பலர் காயமுற்றனர். ஒரு மாவட்டம் தன் கருவிகளின் முதல் நாளை எவ்வளவு விரிவாகத் திட்டமிடுகிறது, கடைசி நாளை எவ்வளவு மறந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட உருக்கமான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை. அந்த நெரிசலில் இன்னொன்றும் இருக்கிறது. நாலாண்டு பழைய கணினிக்காக விடியலிலேயே வரிசையில் நிற்கும் அளவுக்கு மக்களுக்கு அதன் தேவை இருந்தது.

பள்ளிகள் மூடப்பட்டபோது

1937 செப்டம்பரில் இளம்பிள்ளைவாதம் பரவியதால் சிகாகோ நகரப் பள்ளிகள் திறக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான ஏறத்தாழ 3,15,000 பிள்ளைகளுக்கு வானொலி வழியே பாடம் நடத்தினார்கள். உள்ளூர் நிலையங்கள் நேரம் ஒதுக்கின. நாளிதழ்கள் மறுநாள் பாடத்தை அச்சிட்டன. பெற்றோரின் ஐயங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல ஆசிரியர்கள் அமர்ந்தார்கள். வானொலிப் பெட்டி இல்லாத வீடுகள் இருந்தன. ஓட்டம் பிடிக்காமல் பின்தங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். ஆயினும் சில நாட்களில் இதை அமைக்க முடிந்தது. பாடத்தை எழுதியவர்களும், தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர்களும் அந்நகரின் ஆசிரியர்களே.

83 ஆண்டுகளுக்குப் பின், 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகள் மூடப்பட்டன. மாவட்டம் அவசரமாக 10 கோடி டாலர் ஒதுக்கிக் கருவிகளையும் இணைய இணைப்பையும் வாங்க முனைந்தது. முதல் இரு வாரங்களில் ஏறத்தாழ 15,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இணையத்தில் ஒரு முறைகூடத் தலைகாட்டவில்லை. 2013இல் டீஸி சுட்டிக்காட்டிய ஏற்றத்தாழ்வு கற்பனையன்று என்பதை அந்த எண்ணிக்கை மெய்ப்பித்தது. பள்ளிக்குள் இருந்த கருவி போதாது. வீட்டுக்குள் இணைப்பும், ஒரு மேசையும், கதவு சாத்திக்கொள்ள ஓர் அறையும் வேண்டியிருந்தது. அவை எந்தத் திட்டத்தின் எந்தப் பத்தியிலும் இல்லை.

பாடம் கற்றாயிற்று என்று எண்ணியிருந்தபோது, 2024 மார்ச்சில் அதே மாவட்டம் 'எட்' என்ற செயற்கை நுண்ணறிவு உரையாடியை ஆரவாரத்தோடு அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்துணையாக அது இருக்கும் என்பது வாக்குறுதி. ஒப்பந்த மதிப்பு 60 லட்சம் டாலர் வரை. மூன்று மாதங்களில் அதை உருவாக்கிய சிறு நிறுவனம் நிதி நெருக்கடியில் சரிந்தது. அதற்குள் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கொடுத்தாயிற்று. அதே ஜூனில் கல்வி வாரியம், பள்ளி நேரத்தில் மாணவர் கைப்பேசி பயன்படுத்தத் தடைவிதிக்க வாக்களித்தது. 2025 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. ஒரு கையால் திரையைக் கொடுத்து மறு கையால் பறிப்பதாக இதைச் சிலர் நகைத்தார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. கவனம் என்பது வகுப்பறையின் முதல் மூலதனம் என்ற எண்ணம் திட்டங்களுக்குள் தாமதமாகவேனும் நுழைவதன் அறிகுறி அது.

எழும்பூரில் மணலில் எழுத மறுத்த அந்த ஆசிரியர்களிடம் பெல் காரணம் கேட்டாரா என்று நமக்குத் தெரியாது. கேட்டிருந்தால் பதிலும் சுவையாக இருந்திருக்கும். அன்று தொடங்கி இன்றுவரை, ஆசிரியர் இணங்காதபோது அவரைச் சுற்றிப் போக ஒரு வழி தேடுவதே திட்டமிடுதல் என்று ஆகிவிட்டது. சட்டாம்பிள்ளை, படச்சுருள், விமானம், ஐபேட், உரையாடி என்று சுற்றுவழிகளின் பெயர்கள் மட்டும் மாறின. ஒரு திட்ட அறிக்கையை எடைபோட நாம் கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை. இதைக் கேட்ட ஆசிரியர் யார்? அவர் எந்தச் சிக்கலுக்காகக் கேட்டார்? அதைப் பழகிக்கொள்ள அவருடைய வாரத்தில் எத்தனை மணிநேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இணைப்பு அறுந்தால் யார் வருவார்? கருவியின் ஆயுள் முடிந்தபின் கடன் எத்தனை ஆண்டு மிஞ்சும்? 'உறுதிசெய்யப்படும்' என்பதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆளின் பெயரையும் அவருடைய நேரத்தையும் எழுதும் மாவட்டம் எதுவோ, அதன் பிள்ளைகளுக்கு மணலைக் கொடுத்தாலும் திரையைக் கொடுத்தாலும் பயனிருக்கும்.